கல்லும் மரமும் சாயாமல் நிற்க: செடி வளர்க்கும் மீன்தொட்டிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 2 அடித் தொட்டியில் 20 கிலோ கருங்கல் வைக்கப்போகிறேன். அடிக்கண்ணாடி தாங்குமா?

பதில்: தாங்கும் தம்பி. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 36 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே அது ஏறத்தாழ 65 கிலோ. தண்ணீருக்குள் கருங்கல்லும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் மொத்த எடையால் அல்ல, முனையால். கூரான கல் ஒரே புள்ளியில் ஊன்றி நின்றால் 5 கிலோவுக்கே பயப்பட வேண்டும். கல்லின் தட்டையான பக்கத்தைக் கீழே வையுங்கள். அடியில் மெல்லிய ஃபோம் தாளோ, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டியோ விரித்தால் பாரம் பரவும்.

கேள்வி: முதலில் மண்ணைக் கொட்டி, அதன்மேல் கல்லை வைத்தால் மெத்தைபோல் இருக்காதா?

பதில்: இந்தத் தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. செடிக்கான அக்வாசாயில் என்பது சுட்ட மண் உருண்டை. பாரத்தில் நொறுங்கும், மாதங்கள் போகப் போக அமுங்கும், கல் சாயும். தோண்டுகிற மீன் இருந்தால் இன்னும் சீக்கிரம். கல்லை முதலில் நிறுத்துங்கள், பிறகு சுற்றிலும் மண்ணை நிரப்புங்கள்.

ஜப்பானிய மீன்தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ பரப்பிய, கற்களையே முதன்மையாகக் கொண்ட இவாகுமி அமைப்பில் ‘ஓயாஇஷி’ எனும் தலைமைக்கல் பெரும்பாலும் சாய்ந்தே நிற்கும். அந்தச் சாய்வுதான் அழகு. ஆனால் மண்ணுக்குள் மறைந்திருக்கும் சிறு கற்கள் ஆப்பாக நின்று அதைத் தாங்க வேண்டும். உயரம் வேண்டுமென்றால் எரிமலைக் கற்களை வலைப்பையில் கட்டி அடுக்குங்கள். தொட்டி காலியாக இருக்கும்போதே கல்லின் தலையில் கைவைத்து நான்கு பக்கமும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் மண் போடாதீர்கள்.

கேள்வி: இரண்டு கற்களை ஒட்ட எது நல்லது?

பதில்: சிறு கற்களுக்கு ஜெல் வகை சூப்பர் க்ளூவும் பஞ்சும். பஞ்சில் பட்டதும் சூடேறிப் புகை வரும். விரலால் தொடாமல், சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பெரிய கல்லைப் பசையை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம். பசை இல்லாமலே நிற்கும்படி அடுக்கிவிட்டு, அதன்பின் ஒட்டுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் ஊறவைத்தும் மரக்கட்டை மிதக்கிறது. கடப்பாக்கல் துண்டில் திருகாணி போட்டு இறுக்கலாமா?

பதில்: திருகாணி யோசனை சரி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாக வாங்குங்கள். கல்லை மாற்றுங்கள். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, தண்ணீரின் கடினத்தன்மையை மெல்ல ஏற்றிவிடும். கிரானைட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கேளுங்கள். அதில் துளையிட்டு, கட்டையின் அடியில் இறுக்கி, மண்ணுக்குள் புதைத்துவிடலாம். சந்தேகமான எந்தக் கல்லிலும் வினிகர் விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் அது சுண்ணாம்பு. நுரை தெரியவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள், வினிகர் வீரியம் குறைந்த அமிலம்.

கேள்வி: கட்டையை இரு பக்கக் கண்ணாடிக்கும் நடுவே அழுத்திச் செருகினால் மிதக்காதே?

பதில்: வேண்டவே வேண்டாம். மரம் ஊறினால் உப்பும், கண்ணாடியை வெளியே தள்ளும். இரு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பாசி துடைக்கவும் கை நுழையும்.