முதலில் வழக்கு, பிறகு பேச்சு

கேள்வி: அரியாலையில் வசிக்கிறேன். என் கணவர் மேசன். 22 மாதங்களுக்கு முன் சாவகச்சேரியில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, ஏ9 வீதியில் கைதடிக்கு அருகே தனியார் பஸ் மோதி இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள், 9 வயது, 6 வயது. பஸ் உரிமையாளர் செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை. சாரதி பிணையில் வந்து மீண்டும் பஸ் ஓட்டுகிறார். இப்போது 15 இலட்சம் தருவதாக ஆள் விட்டிருக்கிறார்கள். கனடாவிலுள்ள மைத்துனர், ‘சாரதி மறியலுக்குப் போகட்டும், அதுவரை ஒரு சதமும் வாங்காதே’ என்கிறார். கணவர் சம்பளக் கணக்கு எழுதிய கொப்பியைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

பதில்: யார் செத்தவீட்டுக்கு வந்தார், வரவில்லை என்பதை நீதிமன்றம் கேட்காது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ‘22 மாதங்கள்’ என்ற சொல்தான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராக நடப்பது வேறு வழக்கு, அது குற்றவியல் வழக்கு. அது எத்தனை தவணை போனாலும் உங்கள் நாட்கள் நிற்கப்போவதில்லை. சாரதி குற்றவாளியெனத் தீர்ப்பான பிரதியைப் பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வந்தார். விபத்து நடந்து 2 வருடமும் 4 மாதமும் ஆகியிருந்தன. அவருக்காகச் செய்ய எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

மைத்துனரின் ரோசத்தைவிட எனக்குப் பயம் தருவது அந்த 15 இலட்சப் பேச்சு. ‘அடுத்த கிழமை பேசுவோம், திருவிழா முடியட்டும்’ என்று இழுப்பார்கள். 2 ஆண்டு கடந்த மறுநாள் தொலைபேசியையும் எடுக்கமாட்டார்கள். ஆகவே வழக்கை இந்த மாதமே போட்டுவிட்டுப் பேசுங்கள். வழக்குப் பற்றிய அறிவித்தல் பஸ்ஸின் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே போகட்டும். அதைத் தவறவிட்டால் தீர்ப்பு கையில் இருந்தும் அவர்களிடம் பணம் வாங்க முடியாமல் போகும்.

பிறகு, சமரசமாகப் போங்கள் என்றே சொல்வேன். 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தபின் பிரிவின் துயருக்கும் நட்டஈடு கேட்கலாம்தான். ஆனால் கணவர் பக்கத்திலும் கவனயீனம் இருந்ததென்று காட்டினால், அந்த அளவுக்கு நீதிமன்றம் தொகையைக் குறைக்கும். மேன்முறையீடும் சேர்ந்தால் உங்கள் மூத்த பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடும். 15 இலட்சம் தொடக்க விலை. அதற்கு மேலே கேளுங்கள். ஆனால் ‘இனி எந்த உரிமைக்கோரலும் செய்யமாட்டேன்’ என்ற கடதாசியில் வீட்டு விறாந்தையில் வைத்துக் கையெழுத்திடாதீர்கள். வழக்கில் பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்க, தாயானாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

அந்தக் கொப்பி உங்களுக்குக் கண்ணீர், எனக்குச் சான்று. மேசனுக்குச் சம்பளச் சிட்டை ஏது? கடைசி ஒன்றிரண்டு வருடம் அவர் யார் யார் வீட்டில் வேலை செய்தார் என்று கேட்டு, சாட்சி சொல்ல வரக்கூடியவர்களைப் பிடியுங்கள். கொப்பியில் நீங்கள் ஓர் எழுத்தும் சேர்க்கவேண்டாம். முன்பு ஒருவர் தம்பியின் நீல மைக் கணக்கில் கறுப்பு மையால் இரண்டு வரி கூட்டினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த இரண்டு வரியைத்தான் அரை மணி நேரம் வாசித்தார்.