மேலே செவல், கீழே கரிசல்: ஒரே புஞ்சையில் இரண்டு மண்

கேள்வி: வணக்கம் ஐயா. கடையம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் செம்மண்ணில் விவசாயம் பார்த்தவன் நான். போன வருடம் விளாத்திகுளம் அருகே நாலரை ஏக்கர் மானாவாரிப் புஞ்சை வாங்கினேன். மேல்புறம் ஒன்றரை ஏக்கர் சரளையோடு சிவப்பாகவும், கீழ்புறம் மூன்று ஏக்கர் கன்னங்கரேலென்றும் இருக்கிறது. ஆவணியில் ஒரு மழை பெய்ததும் முழுக்க மக்காச்சோளம் விதைத்தேன். கரிசலில் முளைத்ததில் பாதி காய்ந்துவிட்டது. புரட்டாசிக் கடைசியில் மறுபடி விதைத்தேன். அது ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டி மஞ்சளாகி வீணாகிவிட்டது. இப்போது சித்திரையில் கை முழங்கை வரை உள்ளே போகும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கிறது. வேலிக்கு நட்ட கல்தூண்களும் சாய்ந்துவிட்டன. மேல்புறச் செம்மண்ணை 40 டிராக்டர் லோடு அள்ளிக் கரிசலில் கலந்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா? முழு நிலத்திலும் எலுமிச்சை வைக்கும் யோசனையும் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது.

பதில்: வணக்கம் அண்ணாச்சி. முதலில் அந்த டிராக்டர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வாங்கியது நல்ல நிலம். அது ஒரு நிலமல்ல, இரண்டு நிலம். அதை ஒன்றாக நினைத்து ஒரே விதையை, ஒரே நாளில், ஒரே ஆழத்தில் போட்டதுதான் பிரச்சினை.

மண்ணைக் கலக்கும் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு லோடு மூன்று டன் என்றால் 40 லோடு 120 டன். மூன்று ஏக்கரில் பரப்பினால் ஒரு சென்டிமீட்டர் கனம்கூட வராது. ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் மட்டுமே ஏறத்தாழ 800 டன் இருக்கும். நீங்கள் கொட்டும் மண் முதல் கோடையிலேயே வெடிப்புக்குள் போய்விடும். மேலே என்ன மிஞ்சும்? ஏற்கெனவே ஒரு முழம் ஆழம்தான் இருக்கும் செவலில், அதாவது உங்கள் செம்மண்ணில், மேல்மண்ணை இழந்து சரளை பல்லிளிக்கும். அப்படி உரித்த செவல் திரும்பி வர எத்தனையோ தலைமுறை ஆகும். மனசு கேட்காமல்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ஒரே வரப்புக்குள் இரண்டு மண் எப்படி வந்தது? மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து வந்தது. நம் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலுக்கு அந்தக் கதை பொருந்தாது. இங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கலந்த, நைஸ் (gneiss) எனப்படும் பழைய பாறை. மேட்டில் பாறை சிதையும்போது இந்தச் சத்துகளை மழைநீர் கரைத்துக்கொண்டு சரிவில் இறங்குகிறது. மேட்டில் மிஞ்சுவது இரும்பு. அதனால் அங்கே மண் சிவப்பு. இறங்கிய சுண்ணாம்பும் மக்னீசியமும் பள்ளத்தில் தங்கி, அங்கே வேறொரு களிமண் உருவாகக் காரணமாகின்றன. மழை அதிகமுள்ள ஊராக இருந்தால் எல்லாம் ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும். இங்கே ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதனால் வைப்பாற்றுப் படுகையின் சமவெளியில் இவை தங்கிவிட்டன. ஊர் ஊராகப் பாருங்கள், பாறை தலைகாட்டும் மேட்டில் செவல், சரிவில் இரண்டும் கலந்த நிறம், தாழ்வில் கரிசல். உங்கள் நாலரை ஏக்கர் அந்தச் சரிவின் சின்னப் படம். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் நிலம்தான். மழைத்தண்ணீருக்கு மட்டும் அந்தச் சரிவு நன்றாகத் தெரியும்.

கரிசலில் இருக்கும் களி தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். செம்மண்ணில் உள்ள களிக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. சின்ன வயதில் நாங்கள் கோடை விடுமுறையில் வெடிப்புக்குள் கோலிக்குண்டைப் போட்டுவிட்டு, தரையில் காது வைத்து அது எங்கே போய் முட்டுகிறது என்று கேட்போம். சில வெடிப்பில் சத்தமே வராது. இந்த வெடிப்பைப் பார்த்து நிலம் செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். மேலே கிடக்கும் சருகும், புழுதியும், ஆட்டுப் புழுக்கையும் கோடை முழுக்க வெடிப்புக்குள் விழும். மழை வந்ததும் அடிமண் உப்பி, இடம் போதாமல் பக்கத்து மண்ணை மேலே தள்ளும். ஆண்டுக்கு ஆண்டு மேல்மண் கீழே, கீழ்மண் மேலே என்று மெதுவாகப் புரண்டுகொண்டே இருக்கும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வதில் மிகையில்லை. உங்கள் கல்தூண்களைச் சாய்த்ததும் இதே புரட்டல்தான். தூண் வேண்டுமென்றால் நாலு அடிக்குக் குறையாமல் குழி எடுத்து, தூணைச் சுற்றி ஆற்று மணலோ சரளையோ போட்டு இறுக்குங்கள். என்னைக் கேட்டால் கரிசல் பக்கம் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போடுவேன். அது மண்ணோடு அசைந்து கொடுக்கும்.

இப்போது மக்காச்சோளம் காய்ந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இழப்புக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. காய்ந்த கரிசல் மழையை முதலில் தனக்கு எடுத்துக்கொள்ளும். களித்துகள்கள் நீரை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதால், மேல் அரை அடி மண்ணில் இறங்கும் முதல் 15, 20 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி வேருக்குக் கிடைக்காது. மண் கையில் ஈரமாகத் தெரியும், செடி வாடி நிற்கும். அதே 20 மில்லிமீட்டர் செவலில் பெய்தால் முளைத்த பயிர் ஒரு வாரம் நிமிர்ந்து நிற்கும். நீங்கள் கடையத்தில் பழகிய கண்ணோடு ஆவணி மழையைப் பார்த்து விதைத்துவிட்டீர்கள். விதையும் மேலாக, ஓர் அங்குல ஆழத்தில் விழுந்திருக்கும். மேல் ஈரத்தில் முளைத்தது, அடியில் ஈரமில்லாமல் கருகியது.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆழம் வரை நனைந்துவிட்டால் கரிசலைப் போல் கொடுக்கும் மண் வேறில்லை. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக ஏறத்தாழ 200 மில்லிமீட்டரைப் பிடித்து வைக்கும். உங்கள் சரளைச் செவல் அதில் ஐந்தில் ஒரு பங்கு வைத்தாலே அதிகம். தை மாதம் மழையே இல்லாமல் பருத்தி காய் வெடிப்பதும், பனியிலேயே கொத்தமல்லி முற்றுவதும் இந்த இருப்பை நம்பித்தான். செவல் அன்றாடக் கூலி மாதிரி, மழை வந்தால்தான் சாப்பாடு. கரிசல் குதிரில் சேர்த்து வைத்துச் சாப்பிடும் வீடு. குதிர் நிறைவதற்கு முன்னால் பயிர் கையை விட்டால் கிடைக்காது.

அதற்காகத்தான் கரிசல் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், புழுதியில் விதைப்பார்கள். 1901-இலிருந்து இயங்கும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் இதைத்தான் செம்மைப்படுத்திக் கொடுத்திருக்கிறது. சோளத்தை ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் வாரத்துக்குள், மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். தூறல் விழுந்தால் அந்த ஆழத்துக்கு ஈரம் எட்டாது, விதை உறங்கும். நல்ல மழை இறங்கினால்தான் முளைக்கும். எது விதைக்கிற மழை என்பதை ஆழமே தீர்மானிக்கிறது. விதையைக் கடினப்படுத்திப் போடுவது இன்னும் நல்லது. சோளத்துக்கு, லிட்டருக்கு 20 கிராம் வீதம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில், விதையின் அளவுக்குச் சமமாக எடுத்து 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழையபடி காயும் வரை உலர்த்தி எடுங்கள். மக்காச்சோளத்தை இந்த முறைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இளம்பருவத்தில் தண்ணீர் கட்டினால் அது தாங்காது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

தண்ணீர் கட்டுவதும் இதே குணத்தின் மறுபக்கம். வெடித்துக் கிடக்கும்போது கரிசல் மழையை மடக் மடக்கென்று குடிக்கும். உப்பி வெடிப்பு மூடியதும் ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. மேலே செவலில் இருந்து வழிந்து வரும் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஆகவே முதல் வேலை, செவலும் கரிசலும் சேரும் இடத்தில் சரிவுக்குக் குறுக்கே ஒரு வரப்பும் வாய்க்காலும் எடுத்து, மேல்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கரிசலில் 120 சென்டிமீட்டர் அகலப்பாத்தி, இடையில் 30 சென்டிமீட்டர் சால் என்று பிடியுங்கள். சால் லேசான சரிவோடு கீழ்மூலைக்குப் போகட்டும், அங்கே ஒரு பண்ணைக்குட்டை. கரிசலில் குட்டைக்குத் தார்ப்பாய் தேவையில்லை, களி உப்பித் தானே அடைத்துக்கொள்ளும். இந்த அகலப்பாத்தி முறையை ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1976 முதல் கரிசலில் சோதித்து வருகிறது. மேம்பட்ட முறைகள் எல்லாம் சேர்ந்து அங்கே ஹெக்டேருக்கு 5 டன்னை ஒட்டித் தானியம் விளைந்தது, பழைய முறையில் ஒரு டன்தான். அது தென்மேற்குப் பருவமழை பெறும் ஆழமான கரிசல், அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தண்ணீரைத் தேக்காமலும் வீணாக்காமலும் வழிநடத்துவது இந்த மண்ணுக்கு எவ்வளவு உதவும் என்பது அதில் தெரியும்.

உழவுக்கு ஒரே விதி, பதம். ஒரு பிடி கரிசலை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். முறுக்குப் பிழிந்தது போல் நீளமாகத் திரிந்து வந்தால் டிராக்டரை உள்ளே விடாதீர்கள், அன்று உழுதால் காய்ந்த பிறகு பாளம் பாளமாகச் செங்கல் போல் கிடக்கும். உருட்டும்போதே பொலபொலவென்று உதிர்ந்தால் உழலாம். கரிசலில் அந்தப் பதம் மூன்று நாலு நாள்தான் நிற்கும். டிராக்டருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயிர் நிற்கும்போது மெல்லிய கீறல் தெரிய ஆரம்பித்ததும் மேலாகக் கொத்திவிட்டுப் புழுதியால் மூடுங்கள். வெடிப்பு வழியாக அடி ஈரம் ஆவியாகப் போவது குறையும்.

உரம் பற்றிச் சுருக்கமாக. கருப்பு நிறத்தைப் பார்த்து மக்கிய பொருள் நிறைய இருக்கிறது என்று நம்ப வேண்டாம், பெரும்பாலும் கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழேதான். சாம்பல் சத்து போதுமான அளவு இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம் மூன்றும் குறையும். யூரியாவை மேலே தூவினால் சுண்ணாம்பு மண்ணில் காற்றோடு போய்விடும், மண்ணுக்குள் மூடிப் போடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாகப் போட்டால் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். பொடித்த தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடி வைத்து, ஏக்கருக்கு 300 கிலோ போடுங்கள்.

எலுமிச்சை வேண்டாம். சுண்ணாம்பும் நீர்த்தேக்கமும் அதற்கு ஆகாது. கோடை வெடிப்பு இழுப்பதில் இளம் வேர்கள் அறுந்தும் போகும். மரம் ஆசை இருந்தால் செவல் மேட்டில் சீத்தா வையுங்கள், சரளையிலும் தாங்கும். நெல்லியும் பார்க்கலாம். மீதிச் செவலில் நிலக்கடலை போடுங்கள், கரிசலில் அதைப் போட்டால் பிடுங்கும்போது பாதிக் காய் மண்ணிலேயே தங்கிவிடும். மண் அடித்தே தீர வேண்டும் என்றால் திசையை மாற்றுங்கள். கோடையில் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை எடுத்துச் செவலில் போடுங்கள், அதன் ஈரம் பிடிக்கும் சக்தி கூடும். போர் தண்ணீரைக் கரிசலில் பாய்ச்சவே வேண்டாம். அதில் சோடியம் இருந்தால் களி கலங்கிப் பிசினாகி, இப்போது இறங்கும் கொஞ்சத் தண்ணீரும் இறங்காமல் போகும்.

அந்தச் சேதம் ஏற்கெனவே இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பட்டாணி அளவு காய்ந்த கரிசல் கட்டியை, கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்காமல் ஒரு ராத்திரி விடுங்கள். கட்டி சரிந்து உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கரைந்தது போல் புகை படர்ந்திருந்தால் சோடியம் இருக்கிறது, ஜிப்சம் தேவைப்படும். போர் தண்ணீரில் செய்து பார்க்காதீர்கள், அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும்.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது செவலுக்கு ஒரு பை, கரிசலுக்கு ஒரு பை. இரண்டையும் ஒரே பையில் போட்டால் வரும் எண் எந்த மண்ணுக்கும் சொந்தமில்லாத எண்ணாக இருக்கும். அதோடு இந்த வைகாசிக்குள் செவலில் ஒன்று, சேரும் இடத்தில் ஒன்று, கரிசலின் தாழ்வில் ஒன்று என மூன்று அடி ஆழத்துக்கு மூன்று குழி வெட்டிப் பாருங்கள். கரிசல் குழியில் கட்டியைப் பிட்டால் வாழைமட்டையின் உட்புறம் போல் பளபளவென்று வழுக்கும் முகம் தெரியும். மண் ஒன்றோடொன்று உராய்ந்து புரண்ட தடம் அது. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) எத்தனை அடியில் ஆரம்பிக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இரண்டு அடிக்குள் வந்தால் சோளமும் உளுந்தும், அதற்கும் கீழே போனால் பருத்தி. தாழ்வான அரை ஏக்கரை மட்டும் விட்டு வைத்து, ஐப்பசிக் கடைசியில் தண்ணீர் வடிந்ததும் கொத்தமல்லி விதையுங்கள்.