தம்பி சுட்டது கௌதாரி, வண்டி என் பெயரில்: இனி என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. என் தம்பிக்கு 22 வயது. இரவில் நண்பனோடு என் பைக்கை எடுத்துக்கொண்டு போய், நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் டார்ச் அடித்து, ஏர்கன்னால் இரண்டு கௌதாரி சுட்டிருக்கிறான். ரோந்து வந்த வனத்துறையினர் பிடித்துவிட்டார்கள். பைக், ஏர்கன், போன் எல்லாம் பறிமுதல். சில தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அபராதம் கட்டினால் முடிந்துவிடும், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அது காடு இல்லை, ரோடுதானே? ஏர்கன்னுக்கு லைசென்ஸும் வேண்டாமே? வண்டி ஓட்டிய நண்பன், "நான் சுடவே இல்லை" என்கிறான். பைக்குக்கு இன்னும் தவணை கட்டுகிறேன். தம்பி சீருடைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். முந்தின நாள் அடிபட்டு இறக்கை ஒடிந்த கௌதாரி ஒன்று வீட்டில் கூடைக்குள் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

பதில்: கடைசியாகக் கேட்டிருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கௌதாரி உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் புதிய சிக்கல். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 39-வது பிரிவுப்படி வேட்டையாடப்பட்ட வன உயிரினம் அரசின் சொத்து. எப்படிக் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்து ஒப்படைத்துவிட வேண்டும். கெடு தாண்டியிருந்தாலும் இன்றே ஒப்படைத்துவிடுங்கள். ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துக்கொண்டு, "என் வீட்டில் காயம்பட்ட கௌதாரி ஒன்று உள்ளது, சிகிச்சைக்காக ஒப்படைக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். யார் அடித்தது, எப்போது அடித்தது என்றெல்லாம் அதில் எழுத வேண்டியதில்லை. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை. அதற்காக "ரோட்டில் கிடந்தது" என்று பொய்யும் எழுதாதீர்கள். இறக்கைக்குள் பெல்லட் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அதைக் கொன்று புதைப்பது தடயத்தை அழித்த குற்றமாகும். ஒடிந்த இறக்கையோடு வயலில் விட்டாலோ, நாய்க்குத்தான் இரையாகும்.

ஒப்படைக்கும் வரை கூடையில் வைக்க வேண்டாம். கூடையின் இடுக்கு வழியே ஆள் நடமாட்டத்தைப் பார்த்து மிரண்டு மோதிக்கொண்டே இருக்கும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, மூடி, இருட்டாக வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

"காடு இல்லை, ரோடுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் நம்பிக் கெடுவது இதை நம்பித்தான். 9-வது பிரிவின் தடை இடத்தைப் பார்ப்பதில்லை, உயிரினத்தைப் பார்க்கிறது. சட்டத்தின் முதலாம், இரண்டாம் அட்டவணைகளில் (பாதுகாக்கப்படும் உயிரினங்களின் பட்டியல்கள்) உள்ள கௌதாரி போன்றவற்றைக் காப்புக்காட்டில் சுட்டாலும், சாலையோரத்தில் சுட்டாலும், உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் சுட்டாலும் குற்றம் ஒன்றுதான். பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் தரும் ஏற்பாட்டையே 1991 திருத்தம் எடுத்துவிட்டது. பண்ணையில் வளர்த்துக் கடையில் விற்கும் ஜப்பானியக் காடையைக் காட்டி, வயலில் திரியும் காடையைப் பிடிக்கவும் முடியாது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, காயப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாம் அதே சட்டத்தின் 2(16)-வது பிரிவு தரும் விளக்கத்துக்குள் வரும். அதற்கான முயற்சியும் வேட்டைதான்.

கௌதாரிக்கு 51-வது பிரிவின் பொதுத் தண்டனை: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதுவே மயிலாக இருந்திருந்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. நீதிமன்றம் போகாமல் பணம் கட்டி இணக்கமாக முடிக்கும் வழியும் மயிலுக்குக் கிடையாது. இரவில் டார்ச் வெளிச்சத்தில் புதருக்குள் அசைவது எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நண்பனின் வாதம் நிற்காது. உடந்தையாக இருந்தவரும் சட்டத்தை மீறியவராகவே கருதப்படுவார் என்கிறது 52-வது பிரிவு. சுடத் தோதாக வண்டியை மெதுவாக்கி டார்ச் பிடித்தவர் இதற்குள் வந்துவிடுவார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டு எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. வனத்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம், போலீஸிடம் கொடுத்ததைப்போலத் தானாகத் தள்ளுபடி ஆகிவிடாது. உதவி வனப் பாதுகாவலர் தரத்துக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவரை வைத்துக்கொண்டு முறைப்படி பதிவு செய்த சாட்சியம் விசாரணையில் ஏற்கத்தக்கது. தம்பி கையெழுத்திட்டது மகஜரா (பறிமுதல் விவரம் எழுதிய தாள்), வாக்குமூலமா, வெற்றுத்தாளா என்று கேட்டு, நகல் வேண்டி எழுத்தில் மனுக் கொடுங்கள்.

"அபராதம்" என்று அவர்கள் சொன்னது 54-வது பிரிவின் இணக்கக் கட்டணமாக இருக்கலாம். நீதிமன்றம் போகாமலே வழக்கை முடிக்கும் வழி அது. அதை வசூலிக்கும் அதிகாரம் வனவருக்கோ வனச்சரகருக்கோ இல்லை. அரசு அதிகாரமளித்த, துணை வனப் பாதுகாவலர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குத்தான் உண்டு. உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாயாக இருந்தது. 2022 திருத்தத்தில் 5 லட்சமாக உயர்ந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஆணை, அரசுக் கணக்கில் செலுத்திய ரசீது இரண்டும் இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கையில் கொடுத்த பணத்துக்கு ஆதாரம் இராது, வழக்கும் அப்படியே நிற்கும். முறைப்படி கட்டினால் அந்தக் குற்றத்துக்கு மேல் நடவடிக்கை கிடையாது. உங்கள் தம்பிக்கு இதுதான் முதல் சம்பவம் என்றால் இந்த வழியையே எடுக்கச் சொல்வேன். இணக்கம் கிடைக்காவிட்டால் தாமதிக்காமல் முன்ஜாமீன் மனு போடுங்கள். மூன்று ஆண்டு வரை போகும் தண்டனை என்பதால் இதை ஜாமீனில் விடமுடியாத குற்றமாகவே நடத்துகிறார்கள்.

வண்டி விஷயம். குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட வாகனம் அரசின் சொத்து என்று 39(1)(டி) சொல்வதைக் காட்டி, "வண்டி போனது போனதுதான்" என்பார்கள். அது அவ்வளவு எளிதல்ல. நீதிமன்றம் விசாரித்து முடிவுசெய்யும் முன்பே, பறிமுதல் செய்த மாத்திரத்தில் வாகனம் அரசுடைமை ஆகிவிடாது, நடுவர் இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று 2008-இல் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணக்கக் கட்டணம் வாங்கும் அதிகாரிக்கு வாகனத்தைப் பறித்துக்கொள்ள ஆணையிடும் அதிகாரம் இல்லை என்று 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலும் சொல்லிவிட்டது. ஆகவே நீதித்துறை நடுவர் முன் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 497-வது பிரிவில் நீங்களே, உரிமையாளர் என்ற முறையில், மனுச் செய்யுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், தவணைக் கணக்கு, வண்டி எதற்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாது என்ற பிரமாணப் பத்திரம் (அது உண்மையாக இருந்தால் மட்டும்) வேண்டும். விற்க மாட்டேன், நிறம் மாற்ற மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணைப் பத்திரம் கேட்பார்கள். மழைக்காலம் முழுக்க வண்டி வெட்டவெளியில் நின்றால் மிஞ்சுவது இரும்புதான், தள்ளிப்போட வேண்டாம்.

ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது பாதி உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி துளை 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேற்படாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால்தான் அந்த விலக்கு. குழாயின்மேல் 0.22 அல்லது 5.5 என்று பொறித்திருந்தால் உரிமம் தேவை. ஸ்பிரிங் மாற்றி வேகம் கூட்டியிருந்தாலும் 20 ஜூலைத் தாண்டிவிடலாம். அப்போது ஆயுதச் சட்ட வழக்கு தனியே வரும், வனத்துறையில் கட்டிய பணம் அதை மூடாது. உரிமம் தேவைப்படாத துப்பாக்கி என்பதால் வேட்டைக்கு அனுமதி கிடைத்துவிடாது.

இதைத் தம்பியிடம் நீங்களே உட்கார்ந்து சொல்ல வேண்டும். கௌதாரிகள் இரவில் கூட்டமாக அடையும் இடம் தாழ்ந்த முள்மரமும் புதரும். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் தலை உயரத்தில்தான் டார்ச்சும் குழாயும் நீள்கின்றன. சாலையோர வயலில் கிடை போட்டு ஆட்டுக்காரர் படுத்திருப்பார், தண்ணீர் பாய்ச்ச வந்தவர் வரப்பில் இருப்பார். சீமைக்கருவேல் புதர் பெல்லட்டை நிறுத்தாது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஆள்மீது பட்டுக் கொடுங்காயமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 125-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, உயிர் போனால் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. பறவை வேட்டையைச் சட்டம் அனுமதிக்கும் அமெரிக்காவில்கூட, பொதுச் சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்காகவோ சுடுவதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன. அடைந்து கிடக்கும் பறவையை வெளிச்சத்தில் மிரட்டிச் சுடும்போது அதற்குத் தப்பிக்க வழியே இல்லை. பெல்லட் சிறியது. சரியாகப் படாவிட்டால், உங்கள் வீட்டில் கிடக்கும் பறவையைப்போல எலும்பு முறிந்து, புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் துடித்துச் சாகும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முக்கியமான இனப்பெருக்கக் காலம். அப்போது தாயைச் சுட்டால் தரையில் இருக்கும் கூடும் அதோடு அழிந்தது.

போனில் இருக்கும் படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதையும் வேறு போனிலிருந்து அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்ததே தனிக் குற்றமாகிவிடும்.

வேலையைப் பற்றி: இணக்கமாக முடிந்தது நீதிமன்றத் தண்டனை அல்ல. ஆனால் சரிபார்ப்புப் படிவத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்கு உண்டா" என்று கேட்டிருந்தால், கேள்வியைச் சொல் சொல்லாகப் படித்து உள்ளதை எழுதி, இணக்க ஆணையின் நகலை இணைக்க வேண்டும். சிறு குற்றத்தை மன்னிக்கும் விருப்புரிமை வேலை தருபவருக்கு உண்டு, தகவலை மறைத்தால் அந்தக் காரணத்துக்கே நீக்கலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சீருடைப் பணியில் இந்தச் சரிபார்ப்பு மற்றப் பணிகளைவிடக் கடுமையாக இருக்கும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்த ஆணையையும் படிவத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.