வேனை நிறுத்தி வையுங்கள்

அன்புள்ள சார்,

தீபாவளி விடுமுறையில் நானும் மனைவியும் அம்மாவும் நியூசிலாந்து போகிறோம். ஆக்லாந்தில் கேம்பர்வேன் (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) எடுத்து, ரோட்டோருவா, டோங்காரிரோ, தாரனாகி என்று எரிமலைப் பூங்காக்களைப் பார்த்துக்கொண்டே போய் வெலிங்டனில் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். பத்து நாள், தினமும் ஒரு ஊர். நீங்கள் அங்கே நடந்தவர் என்பதால் கேட்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. எரிமலைப் பக்கம் போவது ஆபத்தில்லையா? திட்டம் சரிதானா?

ரா., முலுண்ட், மும்பை

அன்புள்ள ரா.,

தாராளமாகப் போகலாம். ‘தினமும் ஒரு ஊர்’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். வாடகை கொடுத்த வண்டியை ஓட்டாமல் வைத்தால் நஷ்டம் என்று நமக்கு ஒரு கணக்கு. கேம்பர்வேனால் கிடைக்கும் பெரிய லாபமே, மழை விடும்வரை மலையடியில் டீ போட்டுக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான்.

டோங்காரிரோவில் இது அவசியம். ஆல்பைன் கிராசிங் என்ற நடைப்பாதை சுமார் 20 கி.மீ.; ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். உச்சமான இடம் ரெட் கிரேட்டர் என்ற எரிமலை வாயின் விளிம்பு, 1,886 மீட்டர் உயரம். அங்கிருந்து பச்சை ஏரிகளை நோக்கி இறங்கும்போது எரிமலைச் சரளை காலடியில் சரிந்துகொண்டே இருக்கும். பலத்த காற்றில் அந்த விளிம்புக்குப் போகவே கூடாது. தீபாவளி சமயம் அங்கே வசந்தகாலம், மேலே இன்னும் பனி கிடக்கலாம். பனியில் நடந்து பழக்கமில்லையென்றால் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். சீசனில் தொடக்க இடத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்த விடமாட்டார்கள். வேனை முகாமில் விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும். மூன்று நான்கு இரவு தங்கினால் ஒரு நல்ல பகலாவது வாய்க்கும்.

அதற்காகத் தாரனாகியை விட்டுவிடலாம். அது மேற்கே தனியாக ஒதுங்கி நிற்கிறது. பிஹங்கா என்ற பெண்மலைக்காக டோங்காரிரோவோடு சண்டையிட்டுத் தோற்று, அழுதுகொண்டே மேற்கே ஓடிய மலை அது என்பது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதை.

அம்மாவுக்கு, டோங்காரிரோ பூங்காவிலேயே தாரனாகி என்ற பெயரில் ஓர் அருவி இருக்கிறது. (அந்த மலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) போய்வர ஏறக்குறைய 6 கி.மீ., இரண்டு மணி நேரம். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் ருவாபெஹு எரிமலை கக்கிய லாவா உறைந்து நின்ற விளிம்பிலிருந்து, 20 மீட்டர் கீழே விழுகிறது தண்ணீர். முட்டி மக்கர் செய்தால் பாதியில் திரும்பிவிடலாம். போவதற்கு முன் சில ஞாயிற்றுக்கிழமைகள் அம்மாவைக் கன்ஹேரி குகைப் பக்கம் நடக்க வையுங்கள். அந்தப் பாறையும் எரிமலை தந்ததுதான். முலுண்டில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் தெரிகிற மலையும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த தக்காண லாவாதான். அந்தேரியின் கில்பர்ட் ஹில்லை இன்னும் பார்க்கவில்லையென்றால் அதையும் பார்த்துவிடுங்கள். லாவா ஆறிச் சுருங்கும்போது எப்படித் தூண் தூணாகப் பிளக்கும் என்பது அங்கே தெரியும்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2012 ஆகஸ்டில் ஓர் இரவு டோங்காரிரோவின் தே மாரி வாய் வெடித்து, பாதையோரக் குடில் ஒன்றின் கூரையைக் கற்கள் துளைத்தன. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. 2019 டிசம்பரில் வாகாரி என்ற எரிமலைத் தீவு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அன்று எச்சரிக்கை நிலை 2. சுற்றுலா நடந்துகொண்டுதான் இருந்தது. அந்நாட்டு எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் இணையதளத்தில் 0 முதல் 5 வரையிலான அந்த எண்ணைத் தினமும் பாருங்கள். 2 என்று வந்தால் டூர்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் ஏறாதீர்கள். இது என் கணக்கு, கொஞ்சம் பயந்தாங்கொள்ளிக் கணக்குதான்.

வண்டி ஓட்டுவது நம்மைப் போல இடப்பக்கம்தான், அதில் கவலை இல்லை. வேனின் கழிப்பறைத் தொட்டியை யார் காலி செய்வது என்பதை மட்டும் மும்பையிலேயே பேசி முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.