அந்த உலகத்துக்குள் யார் கண்ணால் நுழைவது?

கேள்வி: நான் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவி. ஒரு வீடியோ கேமை எடுத்துக்கொண்டு அதை நடிகர்கள் நடிக்கும் படத்துக்கான திரைக்கதையாக இருபது பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்பது இந்தப் பருவத்துப் பயிற்சி. நானும் அண்ணனும் பள்ளி நாள்களிலிருந்து சேர்ந்து விளையாடும், பெரும் மிருகங்களை வேட்டையாடும் ‘மான்ஸ்டர் ஹன்டர்’ கேம் தொடரைத் தேர்ந்தெடுத்தேன். கேமைத் தெரியாதவர்களுக்கும் படம் புரிய வேண்டுமானால் நம் உலகத்து மனிதர் ஒருவர் கதைக்குள் போயே ஆக வேண்டும் என்கிறார் பேராசிரியர். அதே பெயரில் 2020-இல் வந்த படத்தைக் கெடுத்ததே அந்த யோசனைதான் என்கிறார் அண்ணன். மிருகத்தைத் தொடக்கத்திலேயே காட்டுவதா, காக்க வைப்பதா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பேராசிரியர் எழுப்பும் கேள்வி சரியானது. ஆனால் அதற்கு அவர் சொல்லும் விடையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன், அந்த கேம் எதனால் ஆனது என்பதை நான் புரிந்துகொண்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் திருச்சியில் என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காள் மகன் இந்தக் கேமின் பாலைவனத்தில் டியாப்லோஸ் என்னும் இரட்டைக் கொம்பு மிருகத்தோடு போராடிக்கொண்டிருந்தான். ஒரு வேட்டைக்கு 50 நிமிடம் அவகாசம்; அதற்குள் மூன்று முறை மயங்கி விழுந்தால் வேட்டை முடிந்தது. அன்று அவன் மூன்றாம் முறையும் விழுந்தான். மறுநாள் காலையில் அவன் நேரே வேட்டைக்குப் போகவில்லை. தன் பெட்டியைத் திறந்துவைத்து வெகுநேரம் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தான். மணலுக்குள் புதைந்து நகரும் அந்த மிருகத்துக்குக் காது கூர்மை என்பதால், ஓசைக் குண்டை எறிந்தால் அது திடுக்கிட்டுப் பாதி உடலோடு வெளியே வந்து சிக்கிக்கொள்ளும் என்பதையும், அது சினம் கொண்டிருக்கும்போது அந்தக் குண்டு பலிக்காது என்பதையும் அவன் முந்தைய தோல்வியில் கற்றிருந்தான். அன்று அவன் ஜெயித்தான். அவனுடைய வேட்டைக்காரனின் உடல்வலு முந்தைய நாள் இருந்த அளவிலேயே இருந்தது. கூடியிருந்தது அவனுடைய அறிவு மட்டும்தான்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளியிட்ட முதல் கேமிலிருந்து இன்றுவரை இந்தத் தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மிருகத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் கிடையாது. அதன் நடையையும் மூச்சையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீழ்த்திய மிருகத்தின் அருகில் மண்டியிட்டுச் சிறு கத்தியால் செதிலையும் எலும்பையும் அறுத்தெடுத்து, அவற்றிலிருந்து அடுத்த கவசத்தையும் அடுத்த ஆயுதத்தையும் செய்துகொள்ள வேண்டும். ஆகவே ஒரு வேட்டைக்காரர் உடுத்தியிருப்பதைப் பார்த்தே அவர் எந்தெந்த மிருகங்களைச் சந்தித்துத் திரும்பியவர் என்று சொல்லிவிடலாம். இதைவிடச் சிக்கனமான பாத்திர அறிமுகம் திரைக்கதை எழுதுகிற ஒருவருக்கு எங்கே கிடைக்கும்?

இப்போது 2020-இன் படத்துக்கு வருவோம். அதை இயக்கிய பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன், கேப்காமின் ‘ரெசிடென்ட் ஈவில்’ வரிசையை 2002-இல் திரைக்குக் கொண்டுவந்தவர். மில்லா ஜோவோவிச் அதில் ஆர்ட்டமிஸ் என்னும் அமெரிக்க ராணுவ அதிகாரியாக நடித்தார். அவருடைய படையணி ஒரு மின்னல் புயலில் சிக்கி, துப்பாக்கிகள் எதற்கும் உதவாத வேறோர் உலகத்தில் போய் விழுகிறது. உங்கள் பேராசிரியர் சொல்லும் வழியும் இதுதான்: பார்வையாளருக்குத் தெரிந்த உடை, தெரிந்த பேச்சு, தெரிந்த ஆயுதம் ஆகியவற்றோடு ஒருவரை அனுப்பி, அவர் அதிசயிக்கும்போது நாமும் அதிசயிப்பது.

இதில் ஓர் இழப்பு இருக்கிறது. நம் உலகத்திலிருந்து போகிறவருக்கு முதலும் முடிவுமான ஆசை வீடு திரும்புவதுதான். எனவே அந்த உலகம் அவருக்கு ஒரு பொறியாகிவிடுகிறது. அங்குள்ள உயிர்கள் அனைத்தும் வழியை அடைக்கும் தடைகளாகிவிடுகின்றன. அந்த மிருகம் எதைத் தின்கிறது, எங்கே உறங்குகிறது, எதற்கு அஞ்சுகிறது என்று அறிந்துகொள்ளும் ஆர்வம் அவருக்கு எழ வேண்டிய அவசியமே இல்லை. கேமில் டியாப்லோஸ் கள்ளிச்செடிகளைத் தின்று வாழும் தாவர உண்ணி. தன் எல்லைக்குள் யாரும் வருவதைப் பொறுக்காததால்தான் அது பாய்கிறது. படத்தில் அது மணலுக்கு அடியில் வரும் மரணமாக மட்டுமே இருக்கிறது. நெர்சில்லா என்னும் சிலந்தியும் அப்படியே. கேமில் அது தான் இரையாக்கிய ஜிப்சிரோஸ் என்னும் மிருகத்தின் தோலை முதுகில் போர்த்திக்கொண்டு வரும் தந்திரசாலி. படத்திலோ இருட்டுக் குகையில் கூட்டமாக மொய்க்கும் பூச்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். படம் சீனாவில் 2020 டிசம்பர் 4 அன்று வெளியாகி, ஒரு வசனம் சீனர்களை இழிவுபடுத்துவதாக எழுந்த கோபத்தால் உடனடியாகத் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. தயாரிப்பு நிறுவனமான கான்ஸ்டன்டின் மன்னிப்புக் கேட்டது. அந்த வசனம் எங்கே வந்தது தெரியுமா? வண்டியில் போகும் படைவீரர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கும் காட்சியில். கேமில் இல்லாத, புதியவர்களுக்குப் பழக்கமான முகங்களைக் காட்டுவதற்கென்றே சேர்க்கப்பட்ட பகுதி அது. சுமார் 6 கோடி டாலரில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 5 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடிக்கிடந்த காலம் என்பதால் அந்தக் கணக்கை மட்டும் வைத்துப் படத்தை எடைபோடுவது நியாயமாகாது.

ஆனால் உங்கள் அண்ணனிடமும் நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் நடுப்பகுதியை அவர் மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். படையினர் அனைவரும் மாண்டபின், ஆர்ட்டமிஸும் டோனி ஜா நடித்த வேட்டைக்காரரும் மட்டும் மிஞ்சுகிறார்கள். இருவருக்கும் பொதுமொழி இல்லை. முதலில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள்; பிறகு சைகையால் பேசுகிறார்கள்; அவள் ஒரு துண்டு சாக்லேட் கொடுக்கிறாள். பாலையைக் கடக்க வேண்டுமானால் டியாப்லோஸை வீழ்த்தியாக வேண்டும், அதற்கு நெர்சில்லாவின் நஞ்சு வேண்டும் என்று அவர் அவளுக்குப் புரியவைக்கிறார். அவள் தானே இரையாக நின்று ஒரு சிலந்தியைப் பொறியில் சிக்கவைக்க உதவுகிறாள். ஒரு மிருகத்திடமிருந்து எடுத்ததைக் கொண்டு இன்னொரு மிருகத்தை வெல்வது! அப்பட்டமாக இதுதான் கேம். வசனமே அதிகம் இல்லாத அந்தப் பகுதியை, கன்ட்ரோலரையே தொட்டறியாத ஒருவர்கூடச் சிரமமின்றிப் பின்தொடர்ந்துவிடுவார். புரியவைப்பதற்கு விளக்கம் தேவையில்லை, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூர்ந்து காட்டினால் போதும் என்பதற்கு அந்தப் படமே சான்று தருகிறது. நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உண்மையான மணலிலும் பாறையிலும் படம்பிடித்ததும் அந்தப் பகுதிக்குப் பெரிய பலம். கணினியில் உருவான மிருகத்தின் காலடியில் எழும் புழுதிக்கு ஓர் எடை இருக்கிறது.

சரி, புதியவர் வேண்டும். நம் உலகத்தவர் வேண்டாம். அப்படியானால் யார்? விடையைக் கேமே வைத்திருக்கிறது. 2018-இல் வெளியாகி 2 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்ற ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ எப்படித் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய கண்டத்திலிருந்து புதிய கண்டத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் குழுவின் ஐந்தாம் கப்பல் அணி புறப்படுகிறது. அதில் போகும் உங்கள் வேட்டைக்காரருக்கு அந்தக் கரை புதியது, அங்குள்ள செடிகொடிகள் புதியவை. கடலிலிருந்து மலையைப் போல எழும் மிருகத்தின் முதுகில் கப்பலே ஏறி நின்றுவிடும்போது, அவருக்கும் நமக்கும் ஒரே அளவுதான் தெரியும். அவர் அந்த உலகத்தில் பிறந்தவர், ஆனால் அந்தக் கரைக்கு அந்நியர். வீடு திரும்பும் ஏக்கம் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. அறிந்துகொள்வதற்காகவே வந்தவர் என்பதால், மிருகத்தின் காலடித் தடத்தின் முன் குனிந்து நிற்பது அவருடைய இயல்பாகிறது. பேராசிரியர் கேட்கும் அறியாத கண்ணும், அண்ணன் காப்பாற்ற நினைக்கும் உலகமும் இவரிடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. கேமில் வேட்டைக்காரருக்கு நிலையான முகமோ பெயரோ இல்லை, விளையாடுகிறவர்தான் அவற்றைத் தருகிறார். ஆகவே அந்தப் பாத்திரத்தை நீங்கள் விரும்பியபடி உருவாக்கிக்கொள்ளத் தடையும் இல்லை.

மிருகத்தை எப்போது காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். அது வாழ்ந்த தடயங்களை முதல் பக்கத்திலிருந்தே காட்டுங்கள், உடலைத் தாமதியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது மொத்தமே சுமார் 15 நிமிடங்கள்தான். ஆனால் கோப்பைத் தண்ணீரில் எழும் அதிர்வை யாரும் மறக்கவில்லை. உங்களிடம் அந்த அதிர்வைவிடச் செறிவான பொருள் இருக்கிறது: கடித்துப் போட்ட கள்ளி, பாறையில் கொம்பு உரசிய கோடு, மணலில் உள்வாங்கிய பள்ளம். ஆனால் உடல் வெளிப்பட்ட பிறகு எதையும் ஒளிக்காதீர்கள். கேமில் கேமரா வேட்டைக்காரரின் முதுகுக்குப் பின்னே விலகி நிற்பதால் மிருகத்தின் முழு உடலும் தெரிகிறது. அது தலையைத் தாழ்த்துகிறது, ஒரு காலைப் பின்னுக்கு வைக்கிறது, வால் நிமிர்கிறது. அடுத்து வருவது பாய்ச்சல் என்று நாம் படித்துவிடுகிறோம். 2020-இன் படத்தில் சண்டைகள் நொடிக்கு நொடி வெட்டப்பட்டிருப்பதால் இப்படிப் படிப்பதற்கு இடமே இல்லாமல் போகிறது. ‘டாம் யம் கூங்’ படத்தில் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஒரே ஷாட்டில் மாடிப்படி ஏறிக்கொண்டே சண்டையிட்டுக் காட்டிய டோனி ஜாவை வைத்துக்கொண்டு இப்படி வெட்டியிருக்கிறார்களே என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். உங்கள் திரைக்கதையில் பாய்ச்சலுக்கு முந்தைய அந்தத் தலைத்தாழ்வுக்கு ஒரு தனி வரி எழுதுங்கள். அது மூன்றாம் முறை வரும்போது அடுத்து நடக்கப்போவதை அரங்கில் இருப்பவரே அறிந்திருப்பார்.

கேமில் வேட்டைக்காரர்களுக்குச் சமைத்துப் பரிமாறும் பூனைச் சமையல்காரரை விட்டுவிடாதீர்கள். படத்தில் அவர் பிற்பகுதியில் திடீரென்று வந்துபோவதால்தான் கேமை அறியாதவர்கள் திகைத்தார்கள். வேட்டைக்கு முன் வயிறார உண்பது ஆயத்தத்தின் ஒரு பகுதி என்று முதலிலேயே காட்டினால் யாருக்கும் அவர் விந்தையாகத் தோன்றமாட்டார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேப்காமின் பெயர்களையும் மிருகங்களையும் வகுப்புப் பயிற்சியின் எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இதைப் படமாக எடுத்து வெளியிடும் எண்ணம் இருந்தால், அவர்களுடைய உரிமை இல்லாமல் முடியாது. அப்போது உங்களுக்கே சொந்தமான ஒரு மிருகத்தைப் படைத்துக்கொள்ளுங்கள். அதன் இரையையும் உறக்கத்தையும் அச்சத்தையும் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதிய பிறகு முதல் காட்சிக்குப் போனால், சண்டைக் காட்சியின் பாதி தானாகவே எழுதப்பட்டிருக்கும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அண்ணனோடு செலவழியுங்கள். கேமின் கதையைச் சொல்லும்படி கேட்க வேண்டாம். அவரை ஒரு டியாப்லோஸ் வேட்டைக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் குறிப்பேட்டோடு இருங்கள். பெட்டியிலிருந்து எதை எடுத்தார், எந்த இடத்தில் காத்திருந்தார், எப்போது ஓடினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சக்தி குறைந்த மிருகம் காலை நொண்டிக்கொண்டே தன் இருப்பிடத்தை நோக்கிப் போகும் ஒரு தருணம் வரும். திருச்சியில் அந்த நேரத்தில் என் அக்காள் மகன் உடனே துரத்தாமல் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏனென்று நான் கேட்கவில்லை. உங்கள் அண்ணன் அப்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் கடைசிப் பக்கத்தை அங்கிருந்து தொடங்கலாம்.