கறிவேப்பிலையில் ஒரு புழு இருக்கிறதா? அதைப் பதிவு செய்யுங்கள்

வீட்டைச் சுற்றிப் பார்க்கும் பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் படமெடுத்து, நாள், இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களில் சேர்ப்பது பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் நான் எழுதிய பதில்களும் இவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர், இல்லத்தரசி): அம்மா, எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம், ஓர் எலுமிச்சை, இரண்டு செம்பருத்தி, அவ்வளவுதான். இதில் பதிவு செய்ய என்ன இருக்கப்போகிறது?

பதில்: கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு இப்படிக் கேட்கிறீர்களே! லைம் என்ற பட்டாம்பூச்சியும், கறிவேப்பிலை அழகி என்று நாம் அழைக்கும் காமன் மார்மனும் முட்டையிடத் தேடி வருவது இந்த மரங்களைத்தான். இளந்தளிரைப் புரட்டிப் பாருங்கள். கடுகளவு உருண்டை முட்டைகள் இருக்கும். பொரித்து வரும் புழு முதலில் பறவை எச்சம்போலக் கருப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சையாகும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் வீசும். எறும்பையும் குளவியையும் விரட்ட அதனிடம் இருக்கும் ஆயுதம் அது. உங்களை ஒன்றும் செய்யாது.

முட்டை, புழு, கூட்டுப்புழு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். எந்தச் செடியில் இருந்தது என்று குறிப்பில் எழுதுங்கள். சிறகு விரித்த பட்டாம்பூச்சியை எல்லோரும் படமெடுக்கிறார்கள். எந்த மாதத்தில், எந்தச் செடியில் முட்டை இருந்தது என்று எழுதுபவர்கள் குறைவு. அந்தத் தகவலைத் தரும் வசதி காட்டுக்குள் போய்வருபவரைவிட, தினமும் காலையில் தாளிக்க இலை பறிக்கிற உங்களுக்கே அதிகம்.

அங்கே இன்னொன்றையும் பார்க்கலாம். காமன் மார்மனில் பெண்ணுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் பட்டாம்பூச்சியைப் போலவும், மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போலவும் இருக்கும். அந்த ரோஸ் இரண்டும் புழுப்பருவத்தில் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி வகைக் கொடிகளைத் தின்று நஞ்சேறியவை. பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. மார்மனுக்கு நஞ்சு கிடையாது. ஆனால் ரோஸ்போலத் தோன்றினாலே பிழைத்துவிடுகிறது. நீங்கள் உடலைப் பாருங்கள். ரோஸுக்கு உடல் சிவப்பு, மார்மனுக்குக் கருப்பு. எனவே சிறகை மட்டும் நெருக்கி எடுக்காமல் உடலும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது, அக்கா. நல்ல பதிவுக்கு என்னென்ன தேவை?

பதில்: கைப்பேசி போதும், தம்பி. படம், நாள், இடம் மூன்றும் சரியாக இருந்தால் அது பதிவு. அழகு அடுத்தது. ஒரே பூச்சியை இரண்டு மூன்று கோணங்களில் எடுத்து ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். பட்டாம்பூச்சிக்குச் சிறகின் மேற்புறமும் அடிப்புறமும் வேண்டும். தட்டானுக்குப் பக்கவாட்டில் மார்புப் பகுதியும் வால் நுனியும் வேண்டும். சிலந்திக்கு முதுகோடு முகமும் கிடைத்தால் கண்களின் வரிசை தெரியும்.

வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய படத்தைத் தரவிறக்கிப் பதிவேற்றாதீர்கள். சாதாரணப் படமாக வரும்போது அதிலிருந்த நாளும் இடமும் கழன்றுவிடும். அப்புறம் ஏற்காட்டில் எடுத்த படம் நீங்கள் பதிவேற்றிய இடத்தின் பெயரில் போய் உட்காரும். எடுத்தவரே பதிவு செய்வதுதான் முறை, உரிமையும் அவருடையது.

கேள்வி (பலர்): படத்தைப் போட்டதும் செயலியே பெயர் சொல்லிவிடுகிறது. அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. செயலி செய்வது ஒப்பீடு. தன்னிடம் ஏற்கெனவே குவிந்திருக்கும் படங்களில் எதைப்போல இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறது. நிறையப் படம் இருக்கும் இனத்தின் பக்கமே அது சாயும். நம் ஊர்ச் சிறு ஈக்கள், குளவிகள், இலைத்தத்துப்பூச்சிகள் பலவற்றுக்குப் போதிய படங்களே சேரவில்லை. அவற்றுக்கு அது உறுதியான தோரணையில் தவறான பெயரைச் சொல்லும்.

தெரிந்த அளவில் நிறுத்துங்கள். மஞ்சள் நிறத்தில் தரையோடு பறக்கும் கிராஸ் யெல்லோ வகைகளை மேற்புறம் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்களை ஒன்றாக அடக்கும் பெயரோடு, விட்டால் குறைவில்லை. "ஏதோ ஒரு குளவி" என்று போட்டால்கூடக் குளவி தெரிந்த ஒருவர் வந்து மேலே கொண்டுபோவார்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஐநேச்சுரலிஸ்டில் அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஓர் இனப்பெயரில் ஒத்துப்போனால், மற்ற விவரங்களும் சரியாக இருக்கும்பட்சத்தில், பதிவு ஆய்வுத் தரத்தை, அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்தத் தக்கது என்ற நிலையை, எட்டும். இரண்டே பேர் போதும். ஒருவர் பெயர் சொன்னதும் நன்றி தெரிவிப்பதாக நினைத்துக்கொண்டு பதிவிட்டவர் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிடுகிறார். அவருக்கு அந்த இனம் தெரியாது. ஆனாலும் பதிவு ஆய்வுத் தரமாகி, கோபன்ஹேகனில் செயலகம் கொண்ட ஜிபிஃப் என்னும் உலகப் பல்லுயிர்த் தரவுக் களஞ்சியம் வரை போகிறது. நன்றியைக் கருத்தாக எழுதுங்கள். உங்களுக்கே காரணம் புரிந்தால் மட்டும் ஒப்புங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், வங்கி ஊழியர்): மழை தொடங்கும் ஐப்பசியில் எங்கள் மொட்டை மாடிக்கு மேல் பட்டாம்பூச்சிகள் ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கின்றன. இதை எப்படிப் பதிவு செய்வது?

பதில்: நீங்கள் பார்ப்பது வலசை. டார்க் புளூ டைகர், புளூ டைகர், காமன் குரோ, டபுள் பிராண்டட் குரோ ஆகியவை இதில் முக்கியமானவை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிப் போகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை, தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது மறுதிசையில் வருகின்றன. இந்தப் போக்குவரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, உங்களைப் போல நிமிர்ந்து பார்த்து எழுதிவைத்தவர்களால் கிடைத்தது. வருடா வருடம் நாளும் அளவும் மாறுவதால் யாராவது எழுதிக்கொண்டே இருந்தாக வேண்டும்.

பறப்பதைப் படமெடுக்க முயன்று ஏமாறாதீர்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே தெரியும் இரண்டு கம்பங்களையோ மரங்களையோ எல்லையாக வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அந்த இடைவெளியைக் கடந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். எங்கிருந்து எங்கே என்று திசையையும், நேரம், காற்று, வெயிலா மேகமா என்பதையும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஒன்றுகூடக் கடக்காத நாளில் சுழியம் என்று எழுதுங்கள். அந்தச் சுழியம் இல்லாவிட்டால், பறக்கவில்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இனம் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அருகில் கிலுகிலுப்பையோ தேள்கொடுக்குச் செடியோ இருந்தால் போய்ப் பாருங்கள். இந்த வகைப் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் அவற்றின் காய்ந்த பகுதிகளில் மொய்த்து ஆல்கலாய்டு என்ற ஒருவகைத் தாவர வேதிப்பொருளை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணத்துக்கு அது வேண்டும். அதில் ஆழ்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் நிதானமாகப் படமெடுக்கலாம்.

கேள்வி (விழுப்புரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். அவை எங்கிருந்து கூட்டமாக வருகின்றன?

பதில்: ஐயா, கூட்டமாக வட்டமிடும் அந்த மஞ்சள் தட்டான் பெரும்பாலும் வாண்டரிங் கிளைடர். மழைநீர்க் குட்டைகளில் முட்டையிட்டுச் சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும் இனம் என்பதால், அது மழையைத் தொடர்ந்து போகிறது. மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், தட்டான் பெருகுவதற்கேற்ற நன்னீர்ப் பரப்பு அரிதான அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் வாக்கில் அவை திரளாக வந்திறங்குவதைக் கவனித்தார். முதல் தட்டான் வந்த நாட்களை ஆண்டுதோறும் குறித்து வந்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு 2009இல், அவை இந்தியாவிலிருந்து பருவக்காற்றில் ஏறி மாலத்தீவு, செஷல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்ற கருத்தை வெளியிட்டார். விரல் நீளம்கூட இல்லாத பூச்சி பெருங்கடலைக் கடக்கிறது! முதல் தட்டானை என்று பார்த்தீர்கள், கடைசியாக என்று பார்த்தீர்கள் என்று உங்கள் நாட்குறிப்பில் எழுதிவையுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, தென்னை விவசாயி): இதெல்லாம் பட்டாம்பூச்சி ரசிப்பவர்களுக்குச் சரி. எனக்கு என்ன பயன்?

பதில்: தென்னையில் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ 2016இல் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது உங்கள் பொள்ளாச்சிப் பகுதியில்தான். மக்காச்சோளத்தை அழிக்கும் அமெரிக்கப் படைப்புழு 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு, மளமளவென்று நாடெங்கும் பரவியது. புதிய பூச்சி வந்தால் முதலில் பார்ப்பது விவசாயிதான். முன்பு பார்த்திராத ஒன்றை இலையோடு படமெடுத்து, நாள் குறித்து, வேளாண் அலுவலரிடமும் காட்டிப் பொதுத் தளத்திலும் சேர்த்தால் எச்சரிக்கை அங்கேயே தொடங்குகிறது.

நன்மை செய்வதையும் படமெடுங்கள். வெள்ளை ஈயை உள்ளிருந்தே தின்னும் என்கார்சியா என்ற சிறு குளவி இருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்கள் கருத்து, வட்டமான துளையோடு இருந்தால் குளவி வேலை செய்துவிட்டது என்று பொருள். அந்த ஓலையில் மருந்தடித்தால் செத்துப்போவது உங்கள் கூலியில்லா வேலையாள்.

கேள்வி (சென்னை, பெயர் வேண்டாம்): என் வீட்டு முகவரி வெளியே தெரியாதா?

பதில்: பதிவிடும்போது இடத்தை மறைக்கும் தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தால், உண்மையான இடத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளி காட்டப்படும். வீட்டுப் பதிவுகளுக்கு, குறிப்பாகத் தனியாக வசிப்பவர்கள், தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (சேலம், பள்ளி ஆசிரியை): பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்தி வைக்க வேண்டுமா? இரவில் மாணவர்களோடு அந்துப்பூச்சி பார்க்கலாமா?

பதில்: முதலாவது வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பட்டாம்பூச்சிகள் பலவும் இருக்கின்றன. உடலைப் பிரித்துப் பார்த்தால்தான் இனம் தெரியும் என்ற பூச்சிகளும் உண்டு. அதை அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் செய்யட்டும்.

இரண்டாவதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, முன்னால் ஒரு விளக்கு வைத்தால் போதும். மழை ஓய்ந்த, நிலவில்லாத இரவு நல்லது. ஜூலை கடைசி வாரம் உலகெங்கும் அந்துப்பூச்சி வாரமாகக் கொண்டாடப்படுகிறது, அதில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரிந்தால் அவை இணை தேடாமலும் முட்டையிடாமலும் அங்கேயே சோர்ந்து கிடக்கும், காலையில் பல்லிக்கும் மைனாவுக்கும் இரையாகும். பகலில் பள்ளியின் நந்தியாவட்டையையும் அரளியையும் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை உடலில் நீலக் கண்போன்ற இரண்டு புள்ளிகளோடு ஒரு பெரிய புழு கிடைத்தால் அது ஓலியாண்டர் ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சியின் புழு. பிள்ளைகள் அலறுவார்கள், பிறகு அதைவிட்டு நகர மாட்டார்கள்.

கேள்வி (திருநெல்வேலி, தையற்கலைஞர்): எங்கள் எருக்கஞ்செடிக்கு வெந்தய வரியன் பட்டாம்பூச்சி மட்டும்தான் வருகிறது. அதையே திரும்பத் திரும்பப் பதிவு செய்வதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. இதைக் கேட்டதற்கு நன்றி. அரிய இனத்தைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். சாதாரணமானது குறையும்போது கவனிக்கத்தான் ஆள் இல்லை. ஜெர்மனியில் கிரெஃபெல்டு நகரப் பூச்சியியல் சங்கத்தில் பெரும்பாலோர் ஊதியமில்லாத ஆர்வலர்கள். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் ஒரே மாதிரியான பொறிகளை வைத்து, சிக்கிய பூச்சிகளை எடைபோட்டு வந்தார்கள். 1989 முதல் 2016 வரையிலான அந்த எடைகளை 2017இல் ஆராய்ந்தபோது, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஒரே முறையை விடாமல் பின்பற்றியதால் வெளிவந்த செய்தி அது. பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் குறித்த பாதையில் வாரந்தோறும் நடந்து பட்டாம்பூச்சி எண்ணுகிறார்கள். நம்மிடம் அவ்வளவு நீண்ட கணக்கு இல்லை. அதனால்தான் உங்கள் எருக்கஞ்செடி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே செடி, அதே நேரம். வந்தவை, முட்டைகள், புழுக்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பெண் வரியன் என்று நினைப்பது சில சமயம் அதைப்போலவே தோன்றும் டனாயிட் எக்ஃப்ளை என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்ணாக இருக்கும். பின்சிறகின் நடுவில் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் வரியன், இல்லாவிட்டால் எக்ஃப்ளை. வேலை நெருக்கடியில் ஒரு வாரம் பார்க்க முடியாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், சுழியம் போடாதீர்கள். பார்த்தும் ஒன்றும் வராத வாரத்துக்கு மட்டுமே சுழியம்.