கடைமடைத் தண்ணீரும் அரசியல் அறிவியலும்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிக்கு அருகே கடைமடைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன் நான். அரசியல் அறிவியலில் முதுகலை முடித்து, பாசன நிர்வாகம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மேட்டூர் திறந்து வாரக்கணக்கில் ஆனாலும் எங்கள் வாய்க்கால் நனைவதில்லை. நான் படிக்கும் ஆய்வுக் கட்டுரைகளோ அறிஞர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்பவையாகவே இருக்கின்றன. கொள்கை வகுப்பவர்கள் அவற்றைத் தொடுவதாகத் தெரியவில்லை. “உன் படிப்பால் ஒரு மடைத் தண்ணீர் வருமா?” என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

கொள்கை வகுப்பவர்கள் ஆய்வுகளைத் தொடுவதில்லை என்பதை நான் ஏற்கவில்லை. அவர்கள் படிக்கத்தான் செய்கிறார்கள். படித்துவிட்டுத் தங்களுக்கு வலிக்காத பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கான சான்று உங்கள் பாசனத் துறையிலேயே இருக்கிறது.

தென்னிந்திய மாநிலம் ஒன்றின் கால்வாய்ப் பாசனத்தைப் பற்றி அரசியல் பொருளாதார அறிஞர் ராபர்ட் வேட் 1982-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததற்குப் பராமரிப்புக் குறைவையும் பயிற்சிக் குறைவையுமே காரணமாகச் சொல்லிவந்த காலத்தில், அவர் பணியிட மாறுதல்களைப் பின்தொடர்ந்தார். வரும்படியுள்ள பணியிடத்துக்குப் பொறியாளர் விலை கொடுக்கிறார், அந்தப் பணம் மேலதிகாரிகள் வழியாக அரசியல்வாதிகள் வரை போகிறது, கொடுத்ததை மீட்க அவர் ஒப்பந்ததாரரிடமும் விவசாயிகளிடமும் வசூலிக்க வேண்டியிருக்கிறது, தண்ணீர் வருமா வராதா என்ற கலக்கம் நீடித்தால்தான் அந்த வசூல் நடக்கும் என்று அவர் விவரித்தார். இந்தச் சங்கிலி புரிந்துவிட்டால், பொறியாளர்களுக்குக் கூடுதலாக ஒரு பயிற்சி வகுப்பு நடத்தி என்ன ஆகப்போகிறது என்பதும் புரிந்துவிடும்.

அவரே 1988-இல் வெளியிட்ட நூல் ஆந்திரத்தின் கர்நூல் பகுதிக் கிராமங்களைப் பற்றியது. எல்லா ஊர்களும் தண்ணீருக்காக ஒன்றுகூடுவதில்லை என்றும், கால்வாயின் கடைப்பகுதியில், தண்ணீர் பொய்த்தால் பயிரே போய்விடும் என்ற நிலையில் உள்ள ஊர்களே பெரும்பாலும் பொது நிதி திரட்டி நீர்பாய்ச்சிகளை அமர்த்திக்கொள்கின்றன என்றும் அதில் காட்டினார். பாசனத் துறையினருக்குக் கொடுக்க வேண்டிய கையூட்டுக்கும் அந்தப் பொது நிதியே பயன்பட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அரசியல் அறிவியலாளரான எலினார் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், நீண்டகாலம் நிலைத்த பாசன அமைப்புகளை ஆராய்ந்து, கண்காணிப்பவர்கள் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருப்பதை அவற்றின் முக்கியப் பண்புகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார்.

இவற்றிலிருந்து அரசுகள் எடுத்துக்கொண்டது என்ன? ஆந்திரம் 1997-இலும் தமிழ்நாடு 2000-இலும் பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் சட்டங்களை இயற்றின. சங்கம் அமைக்கலாம், தேர்தல் நடத்தலாம், பராமரிப்பில் பங்கேற்கலாம் என்ற பகுதி சட்டத்துக்குள் வந்துவிட்டது. இன்ன மதகில் இன்ன பொறியாளர் எத்தனை ஆண்டு இருக்கலாம், அவரை யார் மாற்றலாம் என்ற பகுதி கோட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

டெல்டாவில் இதன் விளைவைக் காணத் தூர்வாரும் பணியைப் பார்த்தால் போதும். சி, டி பிரிவு எனப்படும் சிறு வாய்க்கால்களைத் தூர்வாரும் வேலை பல ஆண்டுகளில் மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டித்தான் சூடுபிடிக்கிறது. தண்ணீர் வந்து நிறைந்த பிறகு எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று யார் அளக்க முடியும்? குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் ஆண்டுதோறும் தூர்வார நிதி கேட்கிறோம். வேலையை எப்போது தொடங்கினார்கள், அப்போதிருந்த பொறியாளர் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை, அதாவது செய்த வேலைக்கான பணம், வழங்கும்வரை அந்தப் பணியிடத்திலேயே இருந்தாரா என்று கேட்கும் குரலை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

ஆனால் வேட் எழுதியதை அப்படியே கொண்டுவந்து டெல்டாவின் மேல் ஒட்டிவிடாதீர்கள். இங்கே தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. ஆகஸ்டில் வறண்டு கிடக்கும் அதே கடைமடை, வடகிழக்குப் பருவமழையில் வடிகால் இல்லாமல் மூழ்குகிறது. பற்றாக்குறையைப் போலவே வெள்ளத்துக்கும் ஓர் அரசியல் உண்டு. எந்த மதகை எப்போது திறப்பது என்ற முடிவு ஒரு ஊரின் பயிரைக் காத்து இன்னொரு ஊரின் பயிரை மூழ்கடிக்கக்கூடும். உங்கள் ஆய்வு புதிதாகச் சொல்லக்கூடிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். ‘நிர்வாகம் திருப்தி அளிக்கிறதா’ என்று ஐந்து கட்டம் போட்டு வினாநிரல் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் வருவாரா மாட்டாரா என்று காத்திருக்கும் விவசாயி அவரைப் பற்றி அந்தத் தாளில் உண்மை எழுத மாட்டார்.

அப்பாவுக்கான பதில், ஆய்வேடு தண்ணீர் கொண்டுவராது என்பதே. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அது மாற்றலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வாய்க்காலின் தலைப்பு மதகில் பதிவான நீர் அளவுகளையும், அந்தப் பிரிவின் பொறியாளர் மாறுதல் உத்தரவுகளையும், தூர்வாரும் பணிகளின் தொடக்க நாள், பட்டியல் தொகை வழங்கிய நாள் ஆகியவற்றையும் ஒரே ஆண்டுகளுக்குக் கேட்டு வாங்கி அருகருகே வையுங்கள். கிடைப்பதைத் தமிழில் எழுதி, முதல் படியை ஊர் விவசாயிகள் சங்கத்தில் கொடுத்த பிறகு நெறியாளரிடம் கொடுங்கள். அவர் வருத்தப்பட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.